முகமும் எடையும்

ரோமானியச் சக்கரவர்த்திகளின் வெள்ளி நாணயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு முகம்தான் எல்லாம். நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பேஸியனின் குடியானவத் தாடை, கேரகாலாவின் நெரிந்த புருவம் என்று ரசித்துக்கொண்டே போவார்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பரப்பில் ஒரு மனிதனின் சுபாவத்தையே வெட்டிவைத்த கலை என்பார்கள். அதில் பொய்யில்லை. மற்றக் கட்சி தராசுக்காரர்கள். இத்தனை கிராம், இத்தனை பங்கு வெள்ளி, இத்தனை பங்கு செம்பு என்ற அட்டவணையோடு அவர்கள் காரியம் முடிந்துவிடும். முகம் அவர்களுக்குக் காலத்தைக் கணிக்க உதவும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். நம்மிடையே உருவம், உள்ளடக்கம் என்று கட்சி கட்டிக்கொண்டு நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதாக இராது. இரு சாராரும் கையில் வைத்திருப்பது என்னவோ ஒரே காசைத்தான்.

இரண்டையும் ஒருசேரப் பார்த்த ஒருவன் இருந்திருக்கிறான். அவன் ரோமானியன் இல்லை. இலங்கையை ஆண்ட ஓர் அரசன். கி.பி. 77-இல் முடித்த தன் இயற்கை வரலாற்றில் ப்ளினி இதைச் சொல்கிறார். க்ளாடியஸ் சக்கரவர்த்தியின் காலம் (கி.பி. 41-54). செங்கடல் வரி வசூலைக் குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவன் பாஷை கற்றுக்கொண்டு ரோமைப் பற்றிச் சொன்ன எத்தனையோ விஷயங்களில் அரசனை அசரவைத்தது ஒன்றுதான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் பல பேருடைய முகங்கள் இருந்தன, ஆனால் எல்லாம் ஒரே எடை. இத்தனை பேர் மாறி மாறி ஆண்டும் எடை மாறாத ஒரு தேசம் நேர்மையான தேசமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அரசன் நான்கு தூதர்களை ரோமுக்கு அனுப்பினானாம்.

ப்ளினியின் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையின் சாட்சி காசுகளிலேயே இருக்கிறது. க்ளாடியஸ் காலத்தில் ஒரு பயணியின் பையில் இருந்திருக்கக் கூடிய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் ஏறக்குறைய 3.9 கிராம் எடைக்கு அடித்தவை. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு என்பது கணக்கு. வெள்ளியும் கிட்டத்தட்டச் சுத்தம். அரசன் போட்ட கணக்கு சரிதான். காசின் எடையிலிருந்து ஒரு ஜனத்தின் குணத்துக்கு அவன் ஊகத்தால் போக வேண்டியிருந்தது. தமிழில் அந்தப் பயணமே அவசியமில்லை. காசுக்கும் நேர்மைக்கும் நமக்கு ஒரே சொல்: நாணயம். நாணயமானவன் என்று ஒருவனைச் சொல்லும்போது நாம் அறியாமலே அந்த அரசனின் தராசைத்தான் கையில் எடுக்கிறோம்.

ஆனால் அவன் பார்த்தது ஒரு முடிவின் தொடக்கம். அவன் தூதர்கள் போய் வந்த பதினைந்து இருபது வருஷத்துக்குள் அந்தச் சம எடை குலைந்துவிட்டது. பிறகு இரண்டு நூற்றாண்டு முகம் வளர்ந்துகொண்டே போயிற்று, எடையும் வெள்ளியும் தேய்ந்துகொண்டே வந்தன. அந்த வரலாற்றை முகத்தையும் எடையையும் சேர்த்து வைத்துப் படிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

*

தினாரியஸ் என்ற அந்த வெள்ளிக் காசு பிறந்தது கி.மு. 211 வாக்கில், ஹானிபலோடு ரோம் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது. முதலில் அதில் இருந்தது தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியின் முகம். பின்புறம் குதிரை மேல் இரட்டைத் தெய்வங்கள். அக்கசாலைப் பொறுப்பு ஆண்டுக்கு மூன்று இளம் அதிகாரிகளிடம் இருந்தது. அவர்கள் காலப்போக்கில் தங்கள் குலத்து முன்னோர்களைக் காசில் ஏற்றினார்கள். செத்தவனுக்குத்தான் அந்த இடம். உயிரோடு இருப்பவனின் முகத்தைக் காசில் போடுவது ராஜாக்களின் பழக்கம்; ராஜா என்ற சொல்லே ரோமில் வசை.

கி.மு. 44-இன் தொடக்கத்தில் அந்த வரம்பு உடைந்தது. ரோம் நகரத்து அக்கசாலை முதன்முதலாக உயிரோடிருக்கும் ஒருவனின் முகத்தை அடித்தது. ஜூலியஸ் ஸீஸர். சுருக்கம் விழுந்த நீண்ட கழுத்து, தலையில் மாலை. வழுக்கையை மறைக்க உதவியதால் அந்த மாலை அவனுக்கு மிகப் பிடித்தமானது என்று ஸுயடோனியஸ் எழுதுகிறார். காசைச் சுற்றி, ஆயுட்கால ஸர்வாதிகாரி என்ற பட்டம். அந்த ஆயுள் மார்ச் 15 வரைதான் நீடித்தது.

பி.ஏ. வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் ஸீஸர் படித்த எல்லோரையும் போல நானும் ப்ரூட்டஸை லட்சியத்துக்காக நண்பனைக் கொன்றவனாகவே மனதில் வைத்திருந்தேன். நாடகத்தில் இல்லாத ஒன்று காசில் இருக்கிறது. கொலைக்குப் பின் கிழக்கே படை திரட்டிக்கொண்டிருந்த ப்ரூட்டஸ் கி.மு. 43-42-இல் ஒரு தினாரியஸ் அடித்தான். பின்புறம் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த தேதி. இதைவிட அப்பட்டமான அரசியல் அறிக்கை எந்தக் காசிலும் கிடையாது. காசைத் திருப்பினால், முன்புறம் இருப்பது ப்ரூட்டஸின் முகம். உயிரோடிருந்த ப்ரூட்டஸின் முகம். எந்த அகந்தைக்காக ஸீஸரைக் கொன்றானோ அதையே இரண்டு வருஷத்துக்குள் தன் படைக்குச் சம்பளமாக அச்சடித்துக் கொடுத்தான். இதைப் போலித்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு கருவி ஒருமுறை அதிகாரத்தின் கைக்கு வந்துவிட்டால், எதிர்ப்பவனும் அதையே எடுக்க வேண்டியிருக்கிறது. முகமில்லாமல் இனி யாரும் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டதோ என்றுதான் தோன்றும்.

ஆனால் முகமில்லாமலும் கொடுத்தவன் ஒருவன் உண்டு. ஆண்டனி, ஆக்டியம் சண்டைக்கு முன் கி.மு. 32-31-இல் தன் படைப்பிரிவுகளுக்காக அடித்த காசுகளில் ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் படைக்கொடிகள். வெள்ளியும் மட்டம். ஆண்டனி தோற்றான், செத்தான். அவன் காசுகள் இருநூறு வருஷத்துக்கு மேல் புழங்கின. உருக்கவோ பதுக்கவோ தகுதியற்றவை என்பதால் கை மாறிக்கொண்டே இருந்தன. தேய்ந்து வழவழத்துப்போன அந்தக் காசுகள் மூன்றாம் நூற்றாண்டுப் புதையல்களில்கூடத் தட்டுப்படுகின்றன. நல்ல காசு பெட்டிக்குள் பதுங்கும், மட்டமான காசு ஊர் சுற்றும்.

*

அகஸ்டஸ் முகத்தின் சாத்தியத்தை முழுமையாக உணர்ந்தவன். எழுபத்தைந்து வயதைத் தாண்டி கி.பி. 14-இல் இறந்தான், காசில் கடைசிவரை இளைஞன். கி.மு. 2-க்குப் பின் லியோன் நகரத்து அக்கசாலையிலிருந்து ஏராளமாக வெளிவந்த ஒரு வகைக் காசில், பின்புறம் அவனுடைய பேரன்கள், தத்து வாரிசுகள், கேயஸும் லூஸியஸும் ஈட்டி கேடயங்களோடு நிற்கிறார்கள். லூஸியஸ் கி.பி. 2-இல் இறந்தான், கேயஸ் கி.பி. 4-இல். இறந்துபோன வாரிசுகளின் எதிர்காலத்தைச் சுமந்துகொண்டு அந்தக் காசுகள் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அடுத்து வந்த டைபீரியஸ் இருபத்துமூன்று வருஷம் ஆண்டான். முன்னால் அவன் முகம். பின்னால் செங்கோலோடு அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவன் ஆட்சியில், அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்கோ வேசி வீட்டுக்கோ எடுத்துச் செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது என்று ஸுயடோனியஸ் சொல்கிறார். முகம் விக்ரகமாகிவிட்டது. இது நடந்தது காசின் எடை ஒழுங்காக இருந்த காலத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்திக்குப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சந்தையில் அந்த முகம் செல்லுபடியாவதற்கு ஜாமீன் நின்றது 3.9 கிராம் வெள்ளி.

இந்த ஜாமீனை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நம்மவர்கள். கொங்கு நாட்டில், கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிப் புதையல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டே அச்சு: அகஸ்டஸின் பேரன்கள் நிற்கும் காசு, டைபீரியஸின் அமர்ந்த பெண் காசு. நீரோ வெள்ளியைக் குறைத்த பிறகு வந்த காசுகள் மிகச் சொற்பம். புதுக் காசை இங்குள்ள வணிகர் ஏற்கவில்லை என்பது ஒரு விளக்கம். எதை அனுப்பினால் செல்லும் என்று தெரிந்து யவன வணிகனே பழைய காசைப் பொறுக்கி எடுத்தான் என்பது இன்னொன்று. எப்படியானாலும் நடுவில் ஒரு தராசு இருந்தது. மிளகுக்கும் ரத்தினக் கல்லுக்கும் யவனப் பொன் வந்து குவிந்தது என்று மேடையில் பெருமைப்பட்டுக்கொள்வது நமக்குப் பழக்கம். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ப்ளினி புலம்பியதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வோம். வந்து குவிந்ததில் பெரிய பெருமை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வேண்டாததை ஒதுக்கத் தெரிந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையல் வெள்ளியல்ல, தங்கம். ஆனால் இந்த விஷயத்துக்குச் சம்பந்தமுள்ளது. மொத்தம் 501 காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளே தங்கம்தானா என்று சோதித்தது என்பார்கள் சிலர். இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன் என்பதற்கான குறி என்பார்கள் வேறு சிலர். அந்நிய அரசனின் அதிகாரத்தை ஏற்காததன் அடையாளம் என்பவர்களும் உண்டு. ரோமில் அதே முகத்தைக் கழிப்பறைக்குக் கொண்டுபோனதற்குத் தலை போகும். இங்கே யாரோ ஒருவன் கூசாமல் அதன் கன்னத்தில் உளியை வைத்திருக்கிறான். கோபமோ வன்மமோ அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு வேண்டியது பொன், முகம் நடுவில் இருந்தது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன் நான். நோட்டை வாங்குகிற யாரும் அதிலுள்ள முகத்தைப் பார்ப்பதில்லை என்பது தினமும் கண்ணில் படுகிற விஷயம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே ஓடும் இழையைப் பார்ப்பார்கள், விரலால் தடவிப் பார்ப்பார்கள். கள்ள நோட்டிலும் அதே முகம்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விரலின் பழக்கம் இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். சங்க காலத்தில் இதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. காசையும் பொன்னையும் சோதித்துச் சொல்கிறவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று அந்தத் தொழிற்பெயரோடு சங்கப் புலவர் வரிசையில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேரல்லர். காசு பார்க்கிறவன் கவிதை எழுதியதில் யாரும் அப்போது முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை.

*

கி.பி. 64 ஜூலையில் ரோம் எரிந்தது. நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், நீரோவுக்குப் பொன்மாளிகை வேண்டும். அந்த ஆண்டு வாக்கில் நீரோ தினாரியஸை மாற்றினான். ஒரு ராத்தலுக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. ஒரு காசு ஏறக்குறைய 3.4 கிராம். வெள்ளியில் செம்பும் கலந்தது. எவ்வளவு என்பதில் நீண்ட காலம் ஒரு மயக்கம் இருந்து வந்தது. காசின் மேல்பரப்பை மட்டும் சோதித்தவர்களுக்கு வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. கெவின் புட்சர், மேத்யூ பான்ட்டிங் என்ற இருவர் காசுகளின் உட்புறத்தைத் துளையிட்டுச் சோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவுகள், அந்த மாற்றத்தின்போது வெள்ளி 80 சதவிகித அளவுக்கு இறக்கப்பட்டதைக் காட்டின. அச்சடிக்குமுன் வில்லையை அமிலக் கரைசலில் இட்டு மேல்பரப்பிலுள்ள செம்பை அரித்து எடுத்துவிடுவார்கள். மேலே சுத்த வெள்ளியின் பளபளப்பு, உள்ளே கலப்படம். கண்ணையும் பல்லையும் மட்டுமல்ல, இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடத்தையும் அது கொஞ்ச காலம் ஏமாற்றியது.

அதே ஆண்டுகளில்தான் நீரோவின் முகம் அதன் உச்சத்தை எட்டுகிறது. இரட்டைத் தாடை, கண்களை அமுக்கும் சதை, அடுக்கடுக்காகச் சுருட்டிய முடி. முகஸ்துதியின் சாயலே இல்லை. அரசன் தன் பருமனையும் சுகபோகத்தையும் மறைக்க விரும்பவில்லை, அச்சு வெட்டியவனும் மறைக்கவில்லை. ரோமானிய நாணயக் கலையின் யதார்த்தம் என்று புகழப்படுவது இந்தக் காலத்தில் முழு வீச்சில் வெளிப்படுகிறது. அகஸ்டஸின் காசில் வெள்ளி நிஜம், முகம் பொய். நீரோவின் காசில் முகம் நிஜம், வெள்ளி பொய். யதார்த்தம் என்ற சொல்லை இலக்கியத்தில் நாம் எவ்வளவு சுலபமாக நேர்மைக்குப் பதிலாக உபயோகித்துவிடுகிறோம் என்பது இங்கே எனக்கு உறைக்கிறது. ஒரு முகத்தை உள்ளபடி வரைவதால் மட்டும் வரைந்த தகடு சுத்தமாகிவிடாது.

கெட்ட அரசன் கெட்ட காசு அடித்தான் என்று இதை நீதிக்கதை ஆக்கிவிட ஆசை வரும். காசுகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. செத்த பிறகு ஸெனட் பெயரையே அழித்த கொடுங்கோலன் டொமிஷியன்தான் கி.பி. 82-இல் வெள்ளியை ஏறக்குறையப் பழைய சுத்தத்துக்கு உயர்த்தினான். மூன்றே வருஷத்தில் அவனாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உத்தமன் என்று பெயரெடுத்த டிராஜன் கி.பி. 107 வாக்கில் பழைய தேய்ந்த காசுகளைத் திரட்டி உருக்கினான். நீரோவுக்கு முந்திய நல்ல வெள்ளியும் அதில் போயிற்று. தத்துவஞானி மார்க்கஸ் அரேலியஸின் காசில் வெள்ளி நீரோவின் காசைவிட அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. தன் அந்தரங்கக் குறிப்புகளில் புகழின் நிலையாமையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிய அந்த மனிதனின் முகம் மீசை அரும்பாத சிறுவனிலிருந்து களைத்துப்போன கிழவன் வரை வரிசையாகக் காசுகளில் கிடைக்கிறது. அவன் பொய் சொல்லாதவனாக இருக்கலாம். அவன் முகத்துக்குப் பின்னால் டான்யூப் கரைச் சண்டையும் படைச் சம்பளமும் இருந்தன. கி.பி. 165 முதல் பரவிய கொள்ளைநோயும் இருந்தது. ஸ்பெயின் சுரங்கங்களில் வெள்ளி பிரித்தபோது எழுந்த ஈயப் புகை கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் படிந்து உறைந்திருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கொள்ளைநோயை ஒட்டி அந்தப் படிவு சரிந்ததும் தெரிந்தது. தனி மனிதனின் நாணயம் தேசத்தின் நாணயத்தைக் காப்பாற்றும் என்ற நம் அன்பான நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான பதில் இல்லை.

*

அதற்குப் பிறகு சரிவு. அகஸ்டஸ் காலத்தில் ஒரு படைவீரனுக்கு ஆண்டுக்கு 225 தினாரியஸ் சம்பளம். டொமிஷியன் அதை 300 ஆக்கினான். ஸெப்டிமியஸ் ஸெவரஸ் உயர்த்தினான், அவன் மகன் கேரகாலா மேலும் பாதி உயர்த்தினான். கி.பி. 193 மார்ச்சில் மெய்க்காவல் படை ஒரு சக்கரவர்த்தியைக் கொன்றுவிட்டுப் பதவியையே ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த டிடியஸ் ஜூலியானஸ் தன் காசில் படையின் ஒற்றுமையைப் போற்றி எழுத்துப் பொறித்தான். அறுபத்தாறு நாளில் அவன் கதை முடிந்தது. போட்டியில் வென்ற ஸெவரஸின் காசில் வெள்ளி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மக்களே, ஒற்றுமையாக இருங்கள், படைவீரனுக்குக் கொடுங்கள், மற்றவரைப் பொருட்படுத்தாதீர்கள் என்ற கருத்தில் அவன் சாகும்போது பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னதாக டியோ எழுதுகிறார். மூத்தவன் கேரகாலா தம்பி கேட்டாவைத் தாயின் கையிலேயே கொன்றுவிட்டு, மற்ற புத்திமதிகளை நிறைவேற்றினான்.

கேரகாலா கி.பி. 215-இல் புதுக் காசு ஒன்றை அடித்தான். அதில் சக்கரவர்த்தியின் தலையில் கதிர்கள் நீட்டிய சூரிய கிரீடம். இரண்டு தினாரியஸ் மதிப்பு என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அதிலிருந்த வெள்ளி ஒன்றரை தினாரியஸ் அளவுதான். குறைந்த அரையை இட்டு நிரப்பியது கிரீடம். முகமும் எடையும் இவ்வளவு வெளிப்படையாகப் பண்டமாற்றுச் செய்துகொண்ட காசு வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

பிறகு முகங்களே அவசரத்தில் வருகின்றன. கி.பி. 235-இல் படை தூக்கிவைத்த மாக்ஸிமினஸ் ரோமுக்கு வராமல் எல்லையிலேயே இருந்தான். அவனுடைய ஆரம்பக் காசுகளில் இருப்பது கொலையுண்ட முந்திய அரசனின் முகச்சாயல். நீண்ட தாடையுள்ள அவன் முகம் பிறகுதான் வந்து சேர்கிறது. 238-இல் ஸெனட் நியமித்த பல்பினஸ், புபியேனஸ் இருவரும் தங்கள் காசில் ஒன்றையொன்று பற்றிய இரு கைகளைப் பொறித்தார்கள். சுற்றிலும் பரஸ்பர அன்பு, பரஸ்பர விசுவாசம் என்று எழுத்து. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தபோதே மெய்க்காவலர்கள் உள்ளே புகுந்து இருவரையும் இழுத்துப்போய்க் கொன்றார்கள். ஆட்சி மூன்று மாதம்.

டீஷியஸ் (249-251) செய்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அவன் காலத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ஒரு வரிசைக் காசில் செத்துத் தெய்வமான பழைய சக்கரவர்த்திகள் திரும்ப வருகிறார்கள். அகஸ்டஸ், வெஸ்பேஸியன், டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ், எல்லோர் தலையிலும் அதே கதிர்க் கிரீடம். தகட்டில் பாதிகூட வெள்ளி இல்லை. அதே ஆட்சியில், புழக்கத்திலிருந்த பழைய தினாரியஸ்களையே எடுத்து அவற்றின் மேல் புது முத்திரை அடித்து இரண்டு மடங்கு மதிப்பாக்கியதும் நடந்தது. பொற்காலத்தைத் திரும்ப அழைப்பது இப்படித்தான் முடியும் போலிருக்கிறது. முன்னோரின் முகம் எவ்வளவுக்குத் தேவைப்படுகிறதோ அவ்வளவுக்கு அவர்களுடைய வெள்ளி தீர்ந்துபோயிருக்கிறது. நம்முடைய பழம்பெருமைப் பேச்சுகளில் எத்தனை, இந்தக் கிரீடம் வைத்த அகஸ்டஸ்கள்?

கி.பி. 260-இல் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டான். தனியே ஆண்ட அவன் மகன் காலியேனஸ் தத்துவப் பிரியன், ப்ளோடினஸை மதித்தவன். காசுகளில் அவன் முகம் நளினமாகவே இருக்கிறது. வெள்ளி அவன் முடிவுக்காலத்தில் ஐந்து சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. செம்புக் காசின் மேல் வெள்ளிப் பூச்சு, சில மாதம் கைபட்டால் போய்விடும்.

அதே 260-ஆம் ஆண்டு நவம்பரில் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரத்தில் எழுதப்பட்ட ஓர் உத்தரவு பாப்பிரஸில் நமக்குக் கிடைத்திருக்கிறது. நகரத்து வட்டிக்கடைக்காரர்கள் சக்கரவர்த்திகளின் தெய்விகக் காசை வாங்க மனமின்றிக் கடையை மூடிவிட்டார்கள். உடனே திறக்க வேண்டும், கள்ளக் காசு தவிர எல்லாவற்றையும் வாங்க வேண்டும், மீறினால் தண்டனை என்கிறான் அதிகாரி. அங்கே புழங்கியது தினாரியஸ் அல்ல. அலெக்ஸாந்திரியாவில் அச்சான, பெயருக்கு வெள்ளியான நாலு திராக்மாக் காசு. அப்போது எகிப்தைப் பிடித்திருந்தவர்கள் மாக்ரியானஸ், க்வீட்டஸ் என்ற இரண்டு கலகக்காரச் சகோதரர்கள். கடைக்காரர்கள் பயந்தது உலோகத்துக்கா, நாளைக்கே செல்லாமல் போகக்கூடிய அந்த முகங்களுக்கா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே அந்தச் சகோதரர்கள் இல்லை.

இந்த உத்தரவைப் படிக்கும்போது அந்தக் கடைக்காரர்களின் பக்கத்தில்தான் என் மனம் உட்கார்ந்துகொள்கிறது. அவர்கள் கலகம் செய்யவில்லை, கோஷம் போடவில்லை. முகத்தைத் தெய்விகம் என்று சொல்லிக்கொண்டே தராசைப் பூட்டிவைத்தார்கள். இன்று நம் கையில் இருப்பது காகிதம்; எடை என்ற பேச்சே இல்லாமல் வாக்குறுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, செல்லாத நோட்டிலும் பின்னால் வந்த நோட்டிலும் ஒரே முகம்தான் இருந்தது. ஆக்ஸிரிங்கஸில் வாங்குகிறவன் மறுத்தான், கொடுக்கிறவன் வற்புறுத்தினான். இரண்டாயிரம் வருஷத்துக்குள் அந்த உரிமை எதிர்ப்பக்கம் போய்விட்டது.

டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்கில் வெள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தான். மறுபடி ஒரு ராத்தலுக்கு 96 காசு, கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. சில காசுகளின் பின்புறத்தில் மாலைக்குள் அந்த எண்ணையே பொறித்தான். எடை தன்னைத்தானே எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. ஆனால் முன்புறம் பார்த்தால் முகம் இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஆண்ட காலம். நால்வருக்கும் ஒரே சதுரத் தலை, ஒரே குறுந்தாடி, ஒரே கண். சுற்றியுள்ள பெயரைப் படித்தால்தான் யாரென்று தெரியும். 301-இல் அவன் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்து, மீறினால் மரணம் என்றான். சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது என்கிறார் லாக்டன்ஷியஸ். கான்ஸ்டன்டைன் அடித்த ராத்தலுக்கு 72 தங்கக் காசுதான் பிறகு நின்றது. ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு அதன் எடை அசையவில்லை. அதிலுள்ள முகங்களை இன்று ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும்.

முகமா எடையா என்று கேட்டால் வரலாறு எடையின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக இதை வாசிக்கலாம். என்னால் அவ்வளவு நிம்மதியாக வாசிக்க முடியவில்லை. நீரோவின் அந்தத் தடித்த கழுத்து இல்லாமல் முதல் நூற்றாண்டை நான் அறிந்திருக்க மாட்டேன்; அதை வெட்டிய பெயர் தெரியாதவன் கலைஞன்தான், அவன் கையில் கொடுத்த வில்லை கலப்படமாக இருந்தபோதிலும். அவனையும் தராசில் போட்டு நிராகரிப்பது தராசுக்காரனின் குருட்டுத்தனம். வண்ணக்கனாக இருந்துகொண்டே புலவனாகவும் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அருங்காட்சியகங்களில் இந்தக் காசுகளைக் கண்ணாடிக்கடியில் முகம் மேலே தெரிய வைத்திருப்பார்கள். அருகே ஒரு சீட்டில் சக்கரவர்த்தியின் பெயர், ஆண்ட வருஷம். அகஸ்டஸும் நீரோவும் ஸெவரஸும் ஒரே வரிசையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே மாதிரி வெள்ளியாகப் பளபளப்பார்கள். கையில் எடுத்துப் பார்க்க அனுமதியில்லை.